படகில் ஏறிய கொடி

இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்கூல் குரூப்பில் போட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்று காலாண்டு மார்க் வந்தது. கணக்கில் ஃபெயில்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வந்ததும் அப்பா கேட்டார். "இன்னா பாப்பா, பாஸா?"

பயத்தில், காலையில் இங்கிலீஷ் மிஸ் சொல்லித் தந்தது வாயில் வந்துவிட்டது. "ஃப்ளையிங் கலர்ஸ்பா."

"அப்டீன்னா?"

"சூப்பரா ஜெயிச்சிட்டேன்னு அர்த்தம். அந்தக் காலத்துல சண்டைல ஜெயிச்ச கப்பலு, கொடிய பறக்க வுட்டுக்கினே துறைமுகத்துக்கு வருமாம். தோத்த கப்பலு எறக்கிடுமாம்."

அப்பா உடனே துறைமுகத்துக்குக் கிளம்பினார். திரும்பிப் போய் எங்கள் படகில் புதுக் கொடி கட்டிவிட்டார். ஆயுத பூஜைக்குத்தான் புதுசு கட்டுவோம்.

பக்கத்துப் படகு மாமா கேட்டாராம். "இன்னா மாமு, இன்னிக்கு இன்னா விசேஷம்?"

"எம் பொண்ணு ஜெயிச்சிட்டாபா."

நாளை அப்பா கடலுக்குப் போகவில்லை. மிஸ்ஸுக்கு வஞ்சிரம் கொடுக்க ஸ்கூலுக்கு வருகிறார்.

இப்போதே சொல்லிவிடவா? ஃபெயிலானதை உங்கள் வீட்டில் எப்படிச் சொன்னீர்கள்? அடி வாங்கியவர்களும் பதில் போடலாம்.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "பாப்பா, நாளிக்கு போட்டுக்கினு வர்றதுக்கு அந்த வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டு வையி."