சோதனைக் குழாயில் வினிகர்

1991 ஆடியில் என் மகளுக்கு ஆறு வயது. முழங்காலுக்குக் கீழே கருஞ்சிவப்புப் புள்ளிகள் வந்தபோது கொசுக்கடி என்றுதான் நினைத்தோம். பிறகு கணுக்கால் வீங்கி, வயிறும் வலித்தது. அம்பத்தூர் குழந்தை மருத்துவர் பார்த்ததும் சொன்னார்: உடம்பின் சின்ன ரத்தக் குழாய்களில் அழற்சி, பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தைத் தொட்டுவிடும். அப்படித் தொட்டால் வலிக்காது, சிறுநீரில்தான் தெரியும். ரத்த அணுக்களை மாதாமாதம் லேபில் பார்க்க வேண்டும். புரதம் ஒழுகுகிறதா என்று வாரம் ஒருமுறை நாமே பார்க்கலாம்.

புள்ளிகள் மறைந்தன. முகப்பேர் ஹவுசிங் போர்டு வீட்டில் ஞாயிறுதோறும் சமையலறை எங்கள் ஆய்வுக்கூடமானது. கண்ணாடிக் குழாயில் சிறுநீரை ஊற்றி, மேல்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். கலங்கினால் சில சொட்டு அசிட்டிக் அமிலம். கலங்கல் கரைந்தால் வெறும் உப்பு. கரையாமல் நின்றால் புரதம். முதல் சில மாதம் ஒருமுறையும் கலங்காததால் அமிலப் புட்டியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

முதன்முதலாகக் கலங்கியது கார்த்திகை மாதம் என்பாள் மனைவி. இல்லை, ஐப்பசி, ஜன்னலோரம் பட்டாசு காயவைத்திருந்தோம். குழாய்க்குள் அரிசி களைந்த தண்ணீர்போல் வெளுத்தது. புட்டியை எடுத்தால் காலி. மூடி வழியே ஆவியாகிப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மருந்துக்கடை கிடையாது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாதா கோயிலுக்குக் கிளம்பிய எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

“இன்னாண்ணே, ஊடே நாறுது? இன்னாத்த காச்சிகினு கீறே?”

“பாப்பா மூத்திரம்” என்றேன்.

“அய்ய! அத்த போய் அடுப்பங்கரைலயா?” மனைவியின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. “இன்னாச்சு?”

“அசிட்டிக் ஆசிட் தீந்துபோச்சு. கெடைச்சாதான் கிட்னி கெட்டிருக்கா இல்லையான்னு தெரியும். அதாங்க, வினிகர்ல இருக்குமே...” சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

“வினிகரா? பன்னிக்கறிக்கு வாங்கி வெச்சது ஒரு பாட்டில் கீதுண்ணே!”

செருப்போடு ஓடிக் கொண்டுவந்தார். முதல் சொட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் சில சொட்டுகள் விட்டேன். வெள்ளை மேலிருந்து மெல்லக் கரைந்து, குழாய்க்குப் பின்னால் மனைவி பிடித்திருந்த செய்தித்தாளின் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

“நைனா, நான் பாஸா?” என்றாள் மகள்.

“பாஸா? ஸ்டேட் ஃபர்ஸ்ட்டுடி!” என்றார் எதிர்வீட்டு அம்மா. “பாட்டில குடுண்ணே, மிச்சம் கறிக்கு வோணும். சாமியாரு பிரசங்கத்தையே முடிச்சிருப்பாரு.”

மறுநாள் லேபில் புரதமும் இல்லை, ரத்த அணுவும் இல்லை என்றார்கள். மகள் அதுவரை காத்திருக்கவில்லை. அப்போதே படியிறங்கி ஓடி, கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்களிடம் பிளாக் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

“டேய், என் மூச்சா பாஸாயிடுச்சு!”