என் எக்ஸ்ரேயைக் கொடுங்கள்

மருத்துவ மையத்தின் நீண்ட நடைபாதையில் நாற்பது பெண்கள் வரிசையாக நின்றோம். வளைகுடா நாடு ஒன்றில், பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் எனக்கு வேலை. விசா புதுப்பிக்கும்போதெல்லாம் வெளிநாட்டுத் தொழிலாளிகள் ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும் கொடுக்க வேண்டும். புறங்கையில் பேனாவால் எண் எழுதினார்கள். அன்று என் பெயரை யாரும் கேட்கவில்லை. உள்ளே போனதும் கையை உயர்த்திக் காட்டினேன், மூச்சைப் பிடி என்றார்கள், பிடித்தேன். அவ்வளவுதான்.

மூன்று மாதமாக லேசான இருமல் இருந்தது. இஸ்திரி மேடையின் நீராவி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். சீருடை இடுப்பில் தளர்ந்தபோது ஊக்கு குத்திக்கொண்டேன். உடம்பு ஏதோ சொல்கிறது என்று தோன்றவில்லை. கேட்க நேரமும் இல்லை.

நான்காம் நாள் பி.ஆர்.ஓ. (நிறுவனத்துக்காக அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவர்) கூப்பிட்டார். திருவனந்தபுரத்துக்காரர்தான், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

"மெடிக்கல் அன்ஃபிட். நாளைக்கு ஃபிளைட். சாமானெல்லாம் எடுத்து வச்சோ."

"எனக்கு என்ன நோய் சார்?"

"அதொண்ணும் எனக்குத் தெரியாது. ரிப்போர்ட் கம்பெனிக்குத்தான் வரும்."

மேசையில் ஒரு காகிதத்தை வைத்து, கையெழுத்துப் போடச் சொன்னார். முழுக்க அரபி.

"வாசிக்கத் தெரியாததுல கையெழுத்துப் போட மாட்டேன். என் எக்ஸ்ரேயக் கொடுங்க. கொடுத்தா நானே வண்டியில ஏறிக்கிடுதேன்."

"நீ இங்க வெளிநாட்டுக்காரி. அது ஓர்மை வேணும், கேட்டியா?"

"நெனப்பு இருக்கதுனாலதான் கேக்கேன். நாளைக்கழிச்சு இங்க வந்து கேக்க முடியாதுல்லா?"

காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. அவர் சத்தம் போட்டார், பிறகு கெஞ்சினார், பிறகு யார் யாருக்கோ போன் செய்தார். கடைசியில் ஒரு உறை வந்தது. உள்ளே என் எக்ஸ்ரே பதிந்த சி.டி. அதன்மேலும் எண்தான், பெயர் இல்லை.

திருவனந்தபுரத்தில், சாலை என்கிற கடைவீதியில் சுமை தூக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கினேன். மறுநாளே அண்ணனும் நானும் அரசு நெஞ்சுநோய் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் நடுத்தர வயதுப் பெண், மலையாளி. எனக்காகத் தமிழ் கலந்து பேசினார். சி.டி.யைக் கணினியில் போட்டதும் திரையை என் பக்கம் திருப்பினார். என் நெஞ்சை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இடது பக்கம் மேல, மேகம் மாதிரி வெளுப்பா இருக்கில்லே? சளி பரிசோதிக்கணும்."

சளியில் காசநோய்க் கிருமி இருந்தது (டி.பி.; நுரையீரலைத் தாக்கும் தொற்று).

"ஆறு மாசம் மருந்து. ஒரு நாள்கூட விடக்கூடாது. பேடிக்கண்டா, பூர்ணமா மாறும்" என்றார். பயப்படாதே, முழுதாகக் குணமாகும் என்று அர்த்தம்.

எனக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மருந்து இருக்கிற நோய் இது. இதன் பெயரைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதைக்கூடச் சொல்லாமல் விமானத்தில் ஏற்றினார்கள். அங்கே என் அறையில் இன்னும் ஐந்து பெண்கள் தூங்கினார்கள். ஒவ்வொருத்தியாகப் போனில் கூப்பிட்டேன். "எனக்கு டி.பி. நீங்களும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்க." கேட்டால் தங்களையும் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தார்கள். இரண்டு பேர் அதன்பிறகு என் போனை எடுக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மருந்து தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது (மருந்தின் நிறம்தான், ரத்தமல்ல, பயப்பட வேண்டாம்). வயிறு புரட்டியது. ஒரு வாரம் கஞ்சி மட்டும். மதினி எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்திருந்தார். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போனேன்.

"டாக்டர், தட்டு விஷயத்த எங்க மதினிக்கு நீங்களே சொல்லுங்க."

டாக்டர் சிரித்தார். "இது இருமும்போது காத்துல பரவுறது. பாத்திரத்துல பரவாது. கொஞ்ச நாளைக்கு மாஸ்க் போடட்டும், ஜன்னல் தொறந்து வைங்க. வீட்டுல எல்லாரும் பரிசோதன பண்ணணும்."

திரும்பி வரும்போது மதினி ஆட்டோவில் வெளியே பார்த்தபடி, "எனக்கு அறியாதுல்லா" என்றார். அன்று ராத்திரி எல்லோருக்கும் ஒரே மாதிரித் தட்டுகளில் சோறு விழுந்தது. பரிசோதனையில் வீட்டில் யாருக்கும் நோய் இல்லை.

ஆறு மாதம் முடிந்தது. சளியில் கிருமி இல்லை. புதிய எக்ஸ்ரேயில் மேகம் போய், ஒரு கோடு மட்டும் நின்றது. "தழும்பு. சாகும்வரை இருக்கும். நோயில்ல" என்றார் டாக்டர்.

நோயில்லாத அந்தக் கோட்டைப் பார்த்தாலும் வளைகுடாவில் அன்ஃபிட்தான். ஆரியசாலையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அதற்கும் வழி சொன்னார். "எக்ஸ்ரேக்கு வேற ஒரு பெண்ண நிறுத்தலாம். எல்லாரும் பண்றதுதான்."

"என் நெஞ்சக் காட்டுததுக்கு எனக்கு வெக்கம் இல்ல. இன்னொருத்தி நெஞ்ச நான் கடன் வாங்க மாட்டேன்" என்று சொல்லி எழுந்து வந்தேன். அந்தச் சம்பளத்தை இழந்தது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

கரமனைப் பக்கம் ஒரு ஹோட்டலில் சலவைக்கு ஆள் கேட்டார்கள். அங்கேயும் மருத்துவப் பரிசோதனை. முன்பு வந்த நோய்கள் என்ற இடத்தில் காசநோய் என்று எழுதினேன். அலுவலகப் பெண் தணிந்த குரலில், "சேச்சி, அத எழுதண்டா. வேல கிட்டாது" என்றாள்.

"படத்துல தழும்பு தெரியுமே. அவங்களா ஒண்ண நெனைக்கதுக்கு முன்னால நானே சொல்லிடுதேன்."

ஹோட்டலுக்காகப் பரிசோதித்த டாக்டரிடம் சிகிச்சை முடிந்த சான்றிதழை நீட்டினேன். "ரிப்போர்ட் என்னன்னு மொதல்ல எனக்குச் சொல்லுங்க சார். அதுக்கப்புறம் கம்பெனிக்கு" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எக்ஸ்ரேயையும் பார்த்தார். "தழும்புதான். வேலைக்கு ஒரு தடையும் இல்ல" என்று என்னிடம் சொன்னார். பிறகுதான் எழுதினார்.

அயல்நாட்டில் கையில் எண்ணோடு நிற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் உடம்பைப் பற்றிய தாள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் உங்களுக்கும் ஒரு நகல் கேளுங்கள். தராமல் இருக்கலாம். கேட்டதாவது இருக்கும்.

முன்பெல்லாம் என் காலம் விசா முடிகிற தேதியில் முடிந்துவிடும். அதற்கப்பால் யோசித்ததில்லை. நுரையீரல் எங்கே இருக்கிறது என்றும் யோசித்ததில்லை. இப்போது ஆழமாக இழுத்தால் இடது தோளுக்குக் கீழே லேசாகப் பிடிக்கும். அது இருக்கும் இடம் எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

நேற்று கரமனை நிறுத்தத்துக்குச் சற்றுத் தள்ளிப் பஸ் நின்றது. கண்டக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு, "சேச்சி, வேகம் வா, வேகம்" என்றார்.

நான் ஓடவில்லை. என் மூச்சின் அளவுக்கு நடந்துபோய் ஏறினேன். அதுவரை பஸ் நின்றது.