ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம்

2019 ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை. வளைகுடாவிலிருந்து தென்காற்று வீசியது, காலை எட்டு மணிக்கு வெப்பநிலை பதின்மூன்று பாகை, துறைமுகத்துத் தானியக் கிடங்குகளின் உச்சியை மூடுபனி மறைத்திருந்தது, மழை இல்லை. அன்று விடியற்காலையில், அக்டோபரில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னுக்கு வைத்துத் தொடங்கிய கோடைக்கால நேரம் முடிவுக்கு வந்து, மாநிலம் முழுவதும் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தன.

அதை எங்கள் ஊரில் எவரும் மறந்திருக்க வழியில்லை. போர்ட் கேரோவின் தபால்காரர் மெரிலின் ட்ரெசீஸ் அந்த வாரம் முழுவதும் அறுநூற்றுப் பதினான்கு வீட்டுத் தபால் பெட்டிகளிலும் கடிதம் போடும்போது அந்த நினைவூட்டலையும் வாயால் சொல்லிக்கொண்டே போனார். "சனிக்கிழமை தூங்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பின்னால வெச்சுடுங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை வந்து என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்று, வேலிக்கு அப்பால் தலை தெரிந்த எல்லாரிடமும் சொன்னார்.

அப்போது மெரிலினுக்கு ஐம்பத்தாறு வயது. வாரத்தில் ஐந்து நாள் சிவப்பு மோட்டார் சைக்கிளில் நடைபாதையோரம் தபால் கொடுப்பார். அக்டோபர் முதல் மார்ச் வரை, சனிக்கிழமைதோறும் எங்கள் தடகளக் கழகத்தின் புல்தரை வளையத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுவார். இருபத்துமூன்று பருவங்களாக ஓடியும் அவர் வந்து சேர்ந்த இடம் பெரும்பாலும் நான்காவதுதான். வேகம் இல்லையே தவிர, ஒழுங்கு உண்டு. ஒரு சுற்றை ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடியில் முடித்தார் என்றால் அடுத்த சுற்றையும் அப்படியே முடிப்பார். காற்று எதிரே வீசினாலும் முதுகில் வீசினாலும் அவருக்கு ஒன்றே.

கழக மண்டபத்தின் சுவரில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. 1921 முதல் வென்றவர்களின் பெயர்கள் அதில் பொன்னெழுத்தில் இருக்கின்றன. நான்காவதாக வந்தவர்களுக்கு அதில் இடமில்லை. இருபத்துமூன்று ஆண்டுகளாக, பரிசளிப்பு நாளன்று அந்தப் பலகையைத் துணியால் துடைப்பவர் மெரிலின்.

ஓடுதளப் பருவம் முடிந்ததும், ஏப்ரலின் முதல் ஞாயிறன்று, மிதிவண்டிக் கழகமும் நாங்களும் சேர்ந்து டூயத்லான் நடத்துவோம். நான்கு கிலோமீட்டர் ஓட்டம், பதினாறு கிலோமீட்டர் மிதிவண்டி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் ஓட்டம். முதலில் வருபவருக்கு அங்கே பரிசு கிடையாது. ஒவ்வொருவரும் தமக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்னரே எழுதித் தர வேண்டும். எழுதிய நேரத்துக்கு மிக நெருக்கமாக வருபவரே வெற்றியாளர். அவர் பெயர் பலகையில் ஏறும். கைக்கடிகாரங்கள் எல்லாம் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போய்விடும். வழியில் எவரிடமேனும் நேரம் கேட்டவர் நீக்கப்படுவார். இந்த விதியை எழுதியவர் மிதிவண்டிக் கழகத் தலைவர் டெஸ் யூரன். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வென்றவரும் அவரே.

டெஸ்ஸும் மெரிலினும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பக்கத்து வீட்டாரிடம் இரவல் வாங்கிய, முன்னால் கம்பிக்கூடை வைத்த மிதிவண்டியோடு மெரிலின் வந்ததைப் பார்த்ததும் டெஸ் கையிலிருந்த காற்றடிக்கும் பம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னம்மா நாலாவது, அந்தக் கூடை எதுக்கு? வர்ற வழியில முட்டை வாங்கிட்டு வரப் போறியா?"

"உனக்கு எத்தனை வேணும்னு சொல்லு. ஜெயிச்சிட்டு வெறுங்கையோட வந்தா நல்லா இருக்காது."

"சரி, எவ்வளவு எழுதியிருக்கே?"

"ஒரு மணி இருபத்திரண்டு நிமிஷம்."

"எங்கம்மா கடைக்கு நடந்து போயிட்டு வந்தாக்கூட அதுக்கு முன்னாடி வந்துடுவாங்க!"

"முன்னாடி வந்தா உங்கம்மாவும் தோத்தாங்கப்பா. விதியை நீதானே எழுதினே?"

சரியாக ஒன்பது மணிக்குப் போட்டி தொடங்கியது. மெரிலின் எழுதிய கணக்குப்படி பத்து இருபத்திரண்டுக்கு அவர் திரும்பி வந்திருக்க வேண்டும். முதல் நான்கு கிலோமீட்டரில் எந்தக் கவலையும் இல்லை. அவருடைய கால்களே கடிகாரம். துன்பம் மிதிவண்டியில் ஏறியபின் தொடங்கியது.

அவர் கடைசியாக மிதிவண்டி மிதித்தது திருமணத்துக்கு முன்பு. பேக்கரித் தெருவின் சிறிய மேடு வந்ததும் வலது கை பழக்கத்தால் கைப்பிடியை முறுக்கியது. இயந்திரம் உறுமவில்லை, வண்டி நின்றுவிட்டது. அதைவிடக் கொடுமை, போட்டியின் பாதை அவர் தினமும் தபால் கொடுக்கும் தெருக்களின் வழியாகவே சென்றது. ஒவ்வொரு தபால் பெட்டியையும் கண்டதும் வண்டி தானாக மெதுவானது. இடது கால் தானாகத் தரையில் ஊன்றியது. முதல் தெருவிலேயே ஏழு முறை நின்றார். எட்டாவது பெட்டியின் மூடியைத் திறந்தும் விட்டார்.

பிறகு பிஸ்கட் வந்தது. அது பள்ளிக்கூடத் தெருவின் நாய். சிவப்பு மோட்டார் சைக்கிளைக் கண்டால் ஊரே கேட்கும்படி குரைக்கும். சத்தமில்லாமல் வந்த மெரிலினைக் கண்டு குழம்பி, குரைப்பதற்குப் பதிலாக வாலை ஆட்டிக்கொண்டு கூடவே ஓடிவந்தது. அதைத் திரும்ப அழைத்துப்போய் வீட்டுக்குள் விட்டு, வேலிக்கதவின் கொக்கியை மாட்டிய பிறகே அவருடைய மனம் அமைதியடைந்தது. ஆனால் எவ்வளவு நேரம் போயிற்று என்பது அதற்குள் தெரியாமற்போயிற்று. நாள் தவறாமல் நேரத்தோடு வாழ்ந்தவருக்கு அது கண்ணைக் கட்டி விட்டதுபோல் இருந்தது.

அந்த நிலையில்தான் கிளாரி ஹாக்கிங்கின் வீடு வந்தது. கிளாரிக்கு எண்பத்துநான்கு வயது. காதில் மாட்டும் கருவிக்கு வர வேண்டிய பேட்டரி இரண்டு வாரமாக வரவில்லை. அதனால் இரண்டு வாரமாக அவர் காதில் எதுவும் விழவில்லை. மெரிலின் வருவதைக் கண்டதும் வேலிக்கதவைத் தாண்டி வந்து நடுவழியில் நின்றுகொண்டார்.

"ஏம்மா மெரிலின், என் பேட்டரி வந்துச்சா?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க, கிளாரி! தபால் கிடையாது!"

"என்னம்மா சொல்றே? நீ பேசினா எனக்கு எங்க கேக்குது?"

மெரிலின் காலிக் கூடையைச் சாய்த்துக் காட்டினார். புறப்படப் போனவர் ஒரு கணம் நின்றார். தெருவின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு தம் வெறும் மணிக்கட்டை விரலால் இரண்டு தடவை தட்டினார்.

கிளாரி சட்டைக்கையை மேலே இழுத்துத் தம் கடிகாரத்தைப் பார்த்து, "பதினொண்ணுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றார்.

மெரிலின் மனதுக்குள் கணக்குப் போட்டார். பத்து இருபத்திரண்டு கடந்து அரைமணிக்கு மேல் ஆகிவிட்டதா? அப்படியானால் எல்லாரும் வந்து சேர்ந்திருப்பார்கள். தம்மைத் தேடி டெஸ் தம் சிறிய லாரியில் புறப்பட்டிருப்பார். மிதிவண்டியையும் தம்மையும் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு, கடைத்தெரு வழியாக, வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி வருவார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அவருக்குப் பேச அது போதும்.

அதன்பின் மெரிலின் எந்தத் தபால் பெட்டியையும் பார்க்கவில்லை. மீதமிருந்த ஐந்து கிலோமீட்டரை அந்த மிதிவண்டி அதுவரை கண்டிராத வேகத்தில் கடந்தார். ஒரு வளைவில் கூடை கழன்று விழுந்தது, எடுக்க நிற்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றவும் நேரமின்றி, அதோடேயே கடைசி ஓட்டத்தை ஓடினார்.

நேரம் குறிக்கும் மேசையில் நான் அமர்ந்திருந்தேன். ஐம்பது மீட்டர் தொலைவிலிருந்தே அவருடைய குரல் கேட்டது: "மன்னிச்சுக்குங்க! எல்லாரையும் காக்க வெச்சிட்டேன்!"

"எதுக்கு மன்னிப்பு? அடுப்புல சாசேஜே இன்னும் வேகலை" என்றார் டெஸ். அவர் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டார். எழுதிய நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் ஒன்பது விநாடி வேறுபாடு.

மெரிலினின் நேரத்தை நான் இருமுறை சரிபார்த்தேன். ஒரு மணி, இருபத்தொரு நிமிடம், ஐம்பத்தெட்டு விநாடி. வேறுபாடு இரண்டே விநாடி.

அவர் புல்லில் உட்கார்ந்தார். ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்து தம் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். காதில் வைத்தும் பார்த்தார். பிறகு, "கிளாரி..." என்று மெல்லச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். டெஸ் கையைக் குலுக்கினார். பலகையில் பொன்னெழுத்து எழுதுபவர், "ட்ரெசீஸ்னு எழுத இடம் நிறைய வேணும்" என்று கைவிரலால் காற்றிலேயே அளந்து பார்த்தார். மெரிலினிடம் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ஒரு பேஸ்டியைக் கொடுத்தார்கள். அதைக் கடிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

கிளாரியின் கார் வந்து நின்றது அப்போதுதான். பரிசளிப்பு முடிந்து எல்லாரும் கலைந்திருப்பார்களோ என்று எண்ணி வந்தவர், கூட்டத்தைக் கண்டு மகிழ்ந்து, காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் கேட்டார்:

"ஜெயிச்சிட்டாளா நம்ம பொண்ணு? அவளுக்கு நேரம் சொன்னதே நான்தான்! பதினொண்ணுக்கு ரெண்டு நிமிஷம்னு பார்த்துச் சொன்னேன்!"

எல்லாரும் தத்தம் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு கிளாரியின் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அது ஒரு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

டெஸ் தொண்டையைச் செருமினார். மெரிலின் நீக்கப்பட்டால் ஐந்தாவது முறையாக அவரே வெற்றியாளர். ஆனால் அந்த முகத்தில் வெற்றியின் அடையாளம் எதுவுமில்லை.

"இங்க பாரு மெரிலின். அவங்க சொன்னது தப்பான நேரம். தப்பான நேரத்தை நேரம்னே சொல்ல முடியாது. அதோட அவங்களுக்குக் காது கேக்காது. நீ வாயால கேட்டிருந்தாலும் அவங்க காதுல விழுந்திருக்காது. அவங்களா வந்து சொல்லியிருந்தா விதிக்குள்ளேயே வராது. என்ன, புரியுதா?"

"புரியுது."

"நிதானமா யோசிச்சுச் சொல்லு. அவங்களா சொன்னாங்களா, நீ கேட்டியா?"

பொன்னெழுத்து எழுதுபவரின் விரல் இன்னும் காற்றில் நின்றது. மெரிலின் பேஸ்டியைத் தட்டில் வைத்தார். தலைக்கவசத்தின் வாரை அவிழ்த்தார்.

"நான்தான் கேட்டேன், டெஸ்."