உஷ் சாரின் அமைதியான வார்டு

"எங்க ஆஸ்பத்திரியில எந்த மெஷினும் கத்தாது. கத்துற அளவுக்கு நாங்க எதையும் விடுறதே இல்லை."

இந்த அருள்வாக்கை ஆஸ்பத்திரியின் தரக் கட்டுப்பாட்டு மேலாளர் முதன்முதலில் உதிர்த்தது, மனைவியின் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். மைத்துனர் பொதுக்கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். தொழில் அவருக்கு ஒரு வீடும் அரைச் செவிட்டுக் காதும் கொடுத்திருந்தது.

"என்ன மாப்பிள, வாய்க்குள்ளேயே பேசுறீங்க? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார்.

மேலாளர் சத்தமாகச் சொன்னார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. மைத்துனர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார்.

"என் கடையில ஒரு சவுண்டு செட்டு சத்தம் போடலைன்னா, அது செத்துப்போச்சுன்னு அர்த்தம். உங்க ஆஸ்பத்திரி மெஷின் எல்லாம் வேற சாதி போல."

மேலாளர் இதை வஞ்சப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளாமல், வெறும் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டார். பெரிய மனிதர்கள் பெரிய மனிதர்களானது இப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு வழங்கிய பெயர் உஷ் சார். உதட்டில் விரலை வைத்தபடியே வராந்தாவில் நடப்பார். எதிரே செருப்பு தேய்த்து வருகிறவர், இருமுகிறவர், பெற்ற பிள்ளையைக் கொஞ்சுகிறவர், எல்லாருக்கும் ஒரே வரவேற்புதான்: உஷ். விரல் நாள்பட அங்கேயே இருந்ததால் அவருடைய மீசையின் நடுவில் ஒரு வகிடு விழுந்துவிட்டதாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு கருத்து நிலவியது. அதை யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை.

அவர் பிறவியிலேயே மருத்துவத் துறைக்காரர் அல்லர். வாலிபத்தைப் பிஸ்கட் தொழிற்சாலையில் கழித்தவர். அங்கே பெல்ட்டில் பிஸ்கட் ஊர்ந்து வரும். ஒன்று உடைந்தால் மணி அடிக்கும். மணி அடித்தால் பெல்ட் நிற்கும். பெல்ட் நின்றால் முதலாளி மாடியிலிருந்து இறங்கி வருவார். முதலாளி இறங்கி வராத நாள் நல்ல நாள். ஆக, மணி அடிக்காத பெல்ட்டே நல்ல பெல்ட் என்ற ஞானம் அவருக்கு இளம் வயதிலேயே சித்தித்துவிட்டது. அடிக்காத மணிக்குப் பின்னால் உடையாத பிஸ்கட் இருக்கிறதா, அல்லது மணியின் கம்பியைக் கழற்றிவிட்ட ஒரு கெட்டிக்காரன் இருக்கிறானா என்று அவர் விசாரித்ததில்லை. உடைந்த பிஸ்கட்டைத் தின்று யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை.

அந்த ஞானத்தோடுதான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் வந்த காலத்தில் இரண்டாம் மாடி வார்டு ஒரு சந்தைக்கடை. ஆபரேஷன் முடிந்தவர்களை முதல் நாள் அங்கேதான் படுக்கவைப்பார்கள். கட்டிலுக்கு ஒரு மெஷின். நோயாளியின் விரலில் ஒரு கிளிப். கிளிப்பிலிருந்து ஒரு ஒயர். உடம்பில் ஆக்சிஜன் குறைந்தால் மெஷின் கத்தும். அது கத்தியதோ எல்லாவற்றுக்கும். நோயாளி மூக்கைச் சொறிந்தால் கத்தியது. புரண்டு படுத்தால் கத்தியது. கை சில்லிட்டால் கத்தியது. பத்து மெஷின்கள் காது கிழியக் கத்திக்கொண்டிருக்க, நர்ஸுகள் அவற்றுக்கு நடுவே, அழுகிற குழந்தைகளை ஏராளமாகப் பெற்றுவிட்ட தாய்மாரைப்போல, எதையும் காதில் வாங்காமல் நடமாடினார்கள். நிஜமாகவே மூச்சுத் திணறியவரின் மெஷினும் அதே குரலில்தான் கத்தியது. இதில் ஆபத்து இருக்கிறது என்று உஷ் சார் சொன்னார். அது சரிதான். அவர் சொன்னவற்றில் முழுக்கச் சரியான வாக்கியம் அது ஒன்றே.

இதற்கு மருந்து பலவிதமாக இருந்தது. தேய்ந்துபோன கிளிப்புகளை மாற்றலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் எந்த அளவில் கத்த வேண்டும் என்று டாக்டரைக் கேட்டு வைக்கலாம். இன்னும் இரண்டு நர்ஸுகளைப் போடலாம். இவையெல்லாம் நேரம் பிடிக்கும். உஷ் சார் ஒரு பரிசுக் கோப்பை வாங்கினார்.

மணி வடிவில் வெண்கலத்தில் செய்த கோப்பை அது. உள்ளே நாக்கு கிடையாது. மாதந்தோறும் மிக அமைதியான வார்டுக்கு அது பரிசு; கூடவே அந்த வார்டு நர்ஸுகளுக்கு ஒரு நாள் கூடுதல் விடுமுறை. இரண்டாம் மாடித் தலைமை நர்ஸ் கோப்பையைப் பார்க்கவில்லை, விடுமுறையைப் பார்த்தார். பெண்ணுக்குப் பரீட்சை, மாமியாருக்கு மூட்டுவலி, அவருக்கே முதுகுவலி என்று ஏகப்பட்ட காரணங்கள் வீட்டில் வரிசையில் நின்றன. அடுத்த வாரமே இரண்டாம் மாடியில் ஊசி விழுந்தால் கேட்டது.

எப்படி என்று உஷ் சார் கேட்கவில்லை. வேறொருவர் வலிய வந்து சொன்னார். மெஷின்களைப் பழுதுபார்க்க வரும் மெக்கானிக், பையை மாட்டிக்கொண்டு அவருடைய அறை வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"சார், மேல எல்லா மெஷின்லயும் சத்தத்தை அடியில வெச்சிருக்காங்க. ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழ போனா கத்தணும், அந்த அளவையும் எண்பதுக்கு இறக்கிட்டாங்க. எண்பதுக்குப் போனா ஆளு நீலமாயிடுவான் சார்."

"யாராவது நீலமானாங்களா?"

"இதுவரைக்கும் இல்ல."

"அப்ப மெஷின் நல்லாத்தானே வேலை செய்யுது?"

மெக்கானிக் பையை இன்னொரு தோளுக்கு மாற்றினார். "ஆமா சார். மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். 'மெஷின்' என்ற சொல்லை அவர் ஏன் அப்படி அழுத்தினார் என்பது உஷ் சாருக்கு விளங்கவில்லை. விளங்காதவற்றை அவர் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

பிறகு ஒரு நாள், ஆறாம் கட்டில் பெரியவர் நீலமானார். ஒரு டாக்டர் மூக்குக்கண்ணாடியை வார்டில் மறந்துவிட்டு, அதைத் தேடித் திரும்பி வந்தார். கண்ணாடி இல்லாமலேயே அவருக்கு அந்த நிறம் தெரிந்தது. ஓடினார்கள், அமுக்கினார்கள், ஊதினார்கள். பெரியவர் போன வழியே திரும்பி வந்தார். மெஷின் அதன் பாட்டுக்கு, தலையணைக்குள் முனகும் கொசுவைப்போல ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததாம். விசாரணைக் கூட்டம் கூடியது. உஷ் சார் தலைமை. 'மருத்துவரின் தக்க தருணப் பார்வையிடல்' வெகுவாகப் பாராட்டப்பட்டது. டாக்டருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அந்த மாதமும் மணி இரண்டாம் மாடிக்கே போனது. பெரியவர் சத்தமில்லாமல்தானே நீலமானார்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது உஷ் சாருக்குக் கையிலிருந்த காபி உள்ளே இறங்கவில்லை. காபியில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தார்.

இந்த நிலையில்தான் அவருடைய மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது.

"உங்க ஆஸ்பத்திரியிலயே பண்ணிக்கலாங்க" என்றார் மனைவி.

"அங்க எதுக்கும்மா? டவுனுக்கு அந்தப் பக்கம் இன்னொண்ணு இருக்கு. காத்தோட்டமா இருக்கும்."

"கல்லை எடுக்கப் போறேனா, காத்து வாங்கப் போறேனா?"

"இல்ல, அங்க பார்க்கிங் வசதி…"

மனைவி கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தினார். "நம்மகிட்ட கார் ஏதுங்க?"

உஷ் சார் வேறு சில காரணங்களையும் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. சோபாவில் சாய்ந்திருந்த மைத்துனர் கடைசி ஆணியை அடித்தார்: "அதெப்படி மாப்பிள, ஊர் உலகத்துக்கெல்லாம் உங்க ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு, கட்டினவளை வேற எடத்துல கொண்டுபோய்ப் படுக்கவெப்பீங்க? நாலு பேரு என்ன கேப்பாங்க?"

நாலு பேர் என்ன கேட்பார்கள் என்பது உஷ் சாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் மறுநாளே தன் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்குச் சொல்லிவைத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கல்லை ஒரு சின்ன டப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். மைத்துனர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இவ்வளவு சின்னதுக்கா அவ்வளவு கத்தினா?" என்றார். மனைவியை இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோனார்கள். கையில் வலி மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மருந்து வலியைத் தூங்கவைக்கும். கொஞ்சம் கூடிப்போனால் மூச்சையும் சேர்த்துத் தூங்கவைக்கும். ஆறாம் கட்டில் பெரியவருக்கு ஓடியதும் அதே மருந்துதான். இது உஷ் சாருக்குத் தெரியும். விசாரணைக் கூட்டத்தில் தெரிந்துகொண்டு, அங்கேயே விட்டுவிட்டு வந்த விஷயம் அது.

மதியம் வார்டில் திரைகளை இழுத்துவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஓய்வு நேரம்; உறவினர் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று சொல்லத் தேவையில்லை.

"சார், நேரமாச்சு" என்றார் தலைமை நர்ஸ், மரியாதையாக.

"இன்னும் கொஞ்சம் இருக்கேனே சிஸ்டர்."

"நீங்களே இருந்தா மத்தவங்களை நான் எப்படி வெளிய அனுப்புவேன்?"

உஷ் சார் எழுந்தார். கதவு வரை போனார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார். கட்டில்கள் வரிசையாக, வெள்ளைத் துணிக்குள் ஆட்கள் நீளமாக. ஒருவர்கூட இருமவில்லை. ஒரு மெஷின்கூட வாய் திறக்கவில்லை. இத்தனை காலம் அவர் காண்பித்துக் காண்பித்துப் பெருமைப்பட்ட காட்சி. இப்போது பார்க்க, அது வார்டைப்போல இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசி அறை ஒன்று உண்டே, சில்லென்று, அதைப்போல இருந்தது.

அவர் திரும்பி வந்து மனைவி பக்கத்தில் நின்றார். மனைவியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. உதடு வெளுத்திருக்கிறதா, திரையின் நிழலா? மார்பு ஏறியது. அவர் காத்திருந்தார். அது மறுபடி ஏறுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. மெஷினைப் பார்த்தார். எண்பத்தாறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பத்தைந்து. மெஷின் எதுவும் சொல்லவில்லை. அதற்குச் சொல்லியிருந்தபடி, எண்பது வரை அதற்குச் சொல்ல எதுவும் இல்லை.

"சிஸ்டர்! இங்க வாங்க, சீக்கிரம்!"

வார்டில் அந்தக் குரல் அவருடையது என்று யாரும் நம்பவில்லை. தலைமை நர்ஸ் ஓடி வந்தார். ஒரு பார்வை பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. மருந்துச் சொட்டை நிறுத்தினார். தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அக்கா! கண்ணைத் திறங்க. மூச்சு இழுங்க. நல்லா இழுங்க. அக்கா, தூங்கக் கூடாது!"

மனைவி எங்கிருந்தோ ஒரு மூச்சை இழுத்தார். நர்ஸ் ஆக்சிஜன் முகமூடியை வைத்தார். எண்பத்தேழு. இன்னொரு மூச்சு. எண்பத்தொன்பது. டாக்டர் வந்து ஊசி போட்டார். தொண்ணூற்று நாலு. முகமூடிக்குள்ளிருந்து மனைவியின் குரல் குழறியது: "எதுக்குங்க கத்துறீங்க? தூங்க விடுங்களேன்."

உஷ் சார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் போன பிறகு, "சிஸ்டர், சத்தத்தை ஏத்துங்க" என்றார். "அளவைத் தொண்ணூறுல வைங்க."

நர்ஸ் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"அக்காவுக்கு மட்டுமா சார்? இல்ல…"

அவர் கட்டில் வரிசையைப் பார்த்தார்.

அந்த ஓய்வு நேரத்தில் மற்ற எல்லா உறவினர்களும் சட்டப்படி வெளியே, வராந்தா பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அமைதியாக இருக்கிறது, ஆகவே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நம்பி, சிலர் பெஞ்சிலேயே கண்ணயர்ந்திருந்தார்கள்.

உஷ் சார் கட்டில் கம்பியை விட்டார். அடுத்த கட்டிலுக்குப் போய் மெஷினின் பொத்தானை அழுத்தினார். சத்தம் மேலே ஏறியது, அளவு தொண்ணூறு. மெஷின் சும்மா இருந்தது. அதற்கடுத்த கட்டில். அதுவும் சும்மா இருந்தது. நர்ஸ் எதிர் வரிசையில் ஆரம்பித்தார்.

நாலாவது கட்டிலில் ஓர் இளைஞர், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நன்றாகத் தூங்குவதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். உஷ் சார் அளவை மேலே நகர்த்திக் கையை எடுப்பதற்குள் அந்த மெஷின் கத்த ஆரம்பித்தது.