அப்பாவின் சட்டைக்குள் தம்பி

குறைமாதத்தில் பிறந்த என் மகளைத் தாதி என் வெறும் நெஞ்சில் கிடத்தித் துணியால் மூடினாள்.

"இப்பிடியே வைச்சிருங்கோ அக்கா. உங்கடை உடம்புச் சூடுதான் பிள்ளைக்கு வேணும்."

குழந்தையின் தலையிலிருந்து பால் மணம் எழுந்தது. அதே மணம் எங்கள் மானிப்பாய் வீட்டிலும் இருந்தது. அப்போது எனக்கு ஏழு வயது. யுத்தத்தால் ஊரில் மின்சாரம் இல்லை. தம்பி ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். அம்மா காய்ச்சலில் கிடந்தார். அப்பா சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, தம்பியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்தபடியே நாட்களைக் கழித்தார். நான் அடுப்படியில் தனியே பாண் துண்டைத் தின்றுவிட்டு வந்து கதவோரம் நிற்பேன்.

"அப்பா, என்னையும் ஒருக்கா வைச்சிருங்கோ."

"நீ பெரிய பிள்ளையல்லோ. கிட்ட வராதை, தம்பிக்குத் தடிமன் பிடிச்சிடும்."

தம்பி செத்துப்போனால் அந்த இடம் எனக்குத்தான் என்று ஒருநாள் நினைத்தேன்.

பதினோராம் நாள் மத்தியானம் அவன் மூச்சு நின்றது. பின்னேரம்வரை அப்பா சட்டையைத் திறக்கவில்லை. பெரியப்பா வந்துதான் தம்பியை வாங்கிக்கொண்டு போனார். அதன்பிறகே அப்பா என்னைப் பார்த்தார்.

"இஞ்சை வா, பிள்ளை."

அவர் நெஞ்சு இன்னும் சூடாக இருந்தது. அதில் நான் விறைத்துப்போய்க் கிடந்தேன். நான் நினைத்ததை அவர் சாகும்வரை அவரிடம் சொல்லவில்லை.

"பிள்ளையை மாறி மாறி வைச்சிருக்க வீட்டிலையிருந்து ஆரும் வருவினமோ?" என்று தாதி கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை. நானே இருப்பன்" என்றேன்.