மைக்காரர் எடுத்த மௌனம்

பேருந்து நிலையத்தில் என் வீட்டுக்காரரை எல்லோரும் மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிச் சன்னல் வைத்த அறிவிப்பு அறை, மேசையில் ஒரு மைக், சாய்ந்தால் கிரீச்சிடும் நாற்காலி. அதுதான் அவர் ராஜ்ஜியம். எந்த வண்டி எந்த நடைமேடை என்று அவர் சொன்னால், அழுகிற குழந்தையும் ஒரு நொடி நிறுத்திவிட்டுக் கேட்கும். கணீரென்ற குரல். நான் அந்தக் குரலில் விழுந்தவள்தான். முகத்தை அப்புறம்தான் பார்த்தேன், அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

அந்தக் குரல் அவருக்கு அப்பா வழியில் வந்தது. என் மாமனார் மொத்தச் சந்தையில் ஏலம் கூவியவர். அவருக்கு ஒருநாள் தொண்டை கரகரத்தது. சளி என்றார், தூசி என்றார். டாக்டரிடம் போவதற்குள் கட்டி முற்றிவிட்டது. கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவர் இவர்தான். அடக்கத்தன்று சொந்தபந்தமெல்லாம் கதறிக்கொண்டிருக்க, இவர் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அதற்கப்புறம்தான் டயர் கடை மாடியிலிருக்கும் தியானக் கூடத்துக்குப் போக ஆரம்பித்தார். பௌத்த பிக்குணி ஒருவர் நடத்துவது. பொய் சொல்ல மாட்டேன், முதலில் நல்லதுதான் நடந்தது. சட்டை தேய்க்கவில்லை என்றால் ஊரைக் கூட்டுகிற மனிதர், கண்ணை மூடி மனசுக்குள் ‘கோபம், கோபம்’ என்று பேர் சொல்லிப் பார்த்துவிட்டு, சுருங்கிய சட்டையையே மாட்டிக்கொண்டு போவார். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு அவருக்கும் தொண்டை கரகரத்தது.

இரண்டு வாரம் பார்த்தேன், குறையவில்லை. “டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடலாங்க” என்றேன்.

“கரகரப்பு வருது. வர்றதைக் கவனிக்கிறேன். அதுவா போயிடும். எதுவும் நிலையில்லை” என்றார், கண்ணைத் திறக்காமலே.

“நிலையில்லைதான். மாமாவும் நிலைக்கலையே?”

அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சில நாள் கழித்து, பிக்குணி அம்மா தனக்குப் பயிற்சியாக மௌனம் கொடுத்திருப்பதாக இவர் சொன்னார். முதலில் விடுமுறை நாளில் மட்டும். அப்புறம் வேலை முடிந்து வந்ததும். அப்புறம் காலையிலும். உப்பு வேண்டுமென்றால் விரலை நீட்டுவார், வேண்டாமென்றால் தலையை ஆட்டுவார். கூடத்துக்கு வருகிறவர்கள் கடைவீதியில் என்னைப் பார்த்தால் நிறுத்திக்கொள்வார்கள். “எவ்வளவு பெரிய பக்குவம்! குடுத்து வச்சவங்க நீங்க!” மௌனம் கலக நாஸ்தி, வாயை மூடினால் சண்டையில்லை என்பார்கள். என் வீட்டில் மௌனம்தான் கலகமே. சாப்பிடும்போது அவர் ஒவ்வொரு வாயையும் சிரமப்பட்டு விழுங்குவதை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால் புன்னகை செய்வார். அந்தப் புன்னகையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைவிட அதிகமாகப் பயம் வரும்.

ஒருநாள் நிலையத்தைத் தாண்டிப் போனபோது ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. பழையபடி கணீரென்று. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சரியாகிவிட்டது என்று ஓடிப்போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் வாய் மூடியிருந்தது. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்றோ பதிவு செய்து வைத்த குரலை ஓடவிட்டிருக்கிறார். ஆள் உள்ளே ஊமையாக இருக்க, வெளியே அவர் குரல் மட்டும் பேருந்து பேருந்தாகச் சொல்லிக்கொண்டே போனது.

நேராக டயர் கடை மாடிக்குப் போனேன். பிக்குணி அம்மா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“அவருக்குக் குடுத்த மௌனத்தைக் கொஞ்சம் திருப்பி வாங்கிக்குங்கம்மா” என்றேன், வணக்கம்கூடச் சொல்லாமல்.

“எந்த மௌனம்? நான் அவருக்கு அப்படி எதுவும் குடுக்கலையேம்மா.”

மாமனார் கதையிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சுருட்டிய பாயை அப்படியே கீழே வைத்தார்.

“புத்தர் சொன்ன முதல் உண்மையே, துக்கம் இருக்குன்னு ஒத்துக்கிறதுதாம்மா. இவர் அதைத் தாண்டிக் குதிச்சு நேரா நிம்மதிக்குப் போகப் பாக்குறார். பயத்துக்குப் பக்கத்துல உக்காந்து அதைப் பாருங்கன்னு சொன்னேன். இவர் பயத்து மேலயே பாயை விரிச்சு உக்காந்துட்டார். தியானம் எங்கேயும் ஓடிப் போயிடாது. முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

நான் திரும்பி வந்தபோது நிலையமே அல்லோலகல்லோலப்பட்டுக் கிடந்தது. இரண்டாவது நடைமேடையில் தண்ணீர்க் குழாய் உடைந்து, வண்டிகளை ஐந்துக்குத் திருப்பியிருந்தார்கள். பதிவு செய்த குரலோ விடாமல் இரண்டு, இரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது. சனம் மூட்டை முடிச்சோடு முழங்கால் தண்ணீரில் நின்றது. நடத்துநர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். “அண்ணே, மாத்திச் சொல்லுங்கண்ணே!”

அவர் பதிவை நிறுத்திவிட்டு மைக்கைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மைக்கைப் பிடித்தேன். “எல்லாரும் அஞ்சுக்குப் போங்க! ரெண்டுல பஸ் வராது!” குழாயடிச் சண்டைக்குப் போனவள் மாதிரி என் குரல் நிலையம் முழுக்க ஒலித்தது. கூட்டம் நகர்ந்தது.

அவர் பக்கம் திரும்பினேன். “அவங்க மௌனமே குடுக்கலையாமே?”

அவர் கைகளைப் பிடித்துப் பார்த்தேன், சில்லிட்டிருந்தன. இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“வாயைத் தொறந்தா எங்கப்பா குரல் வருது” என்றார்.

உண்மைதான். கிழிந்து, காற்றோடு கலந்து, படுக்கையில் கிடந்து தண்ணீர் கேட்ட அதே குரல். அது என் எதிரிலிருந்தும் வந்தது, வெளியிலிருந்தும் வந்தது. மைக்கை யாரும் அணைக்கவில்லை. நான் பதறி விசைக்குக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே ஒலிபெருக்கிகளில் தேய்ந்து போன அந்தக் குரலைத் தலை குனிந்து கேட்டார்.

“எனக்குப் பயமா இருக்குடி.”

அது எல்லா நடைமேடைக்கும் போய்ச் சேர்ந்தது. வெளியே நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் மேசையில் கவிழ்ந்து அழுதார். அப்பா செத்ததற்கும் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதார்.

“எனக்கும்தான்” என்றேன். “பயத்தோடயே போகலாம் வாங்க. ஆஸ்பத்திரி பஸ் எங்க நிக்குது?”

முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “பெரிய ஆஸ்பத்திரி வழியாகச் செல்லும் பேருந்து, மூன்றாவது நடைமேடை” என்று அந்தக் கிழிந்த குரலிலேயே நிலையம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு எழுந்தார்.