அந்த டிரைவரை நான் அறைந்த நாள்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதக் காலை. மணி பதினொன்று இருக்கும். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. கேட்டைத் தாண்டி இருபது அடி எடுத்து வைத்தால் தார் ரோடு. அப்போது என் மகளுக்கு மூன்றரை வயது.

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பஸ் கண்டக்டரில் ஆரம்பித்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். இங்கே சேகோ மில்லில் ஜவ்வரிசி லோடு ஏற்றினால் மகாராஷ்டிரா, குஜராத் என்று போய்த் திரும்ப பதினைந்து இருபது நாளாகும். வீடு, குழந்தை, தண்ணீர், ரேஷன் எல்லாம் என் தலையில். கோபம் வராமல் என்ன செய்யும்?

லோடு ஏற்றிய பிறகு அவர் எங்கள் ரோட்டு வழியாகத்தான் போக வேண்டும். சந்துக்குள் லாரி நுழையாது, கரண்ட் கம்பி வேறு தாழ்வாகத் தொங்கும். அதனால் தூரத்தில் வரும்போதே ஹாரன் அடிப்பார். இரண்டு குட்டையாக, ஒன்று நீட்டமாக. அதைக் கேட்டதும் நான் துவைத்து மடித்த துணி, புளிச்சோற்றுப் பொட்டலம், பருப்புப்பொடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பாப்பாவையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவேன். வேப்பமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியிருப்பார். பத்து நிமிடம், மிஞ்சினால் கால் மணி நேரம். பாப்பாவைத் தூக்கி ஸ்டியரிங் முன்னால் உட்கார வைப்பார், அவள் கையாலேயே ஒருமுறை ஹாரன் அடிக்க வைப்பார், போய்விடுவார். லாரிக்காரர் வீடுகளில் இதெல்லாம் சாதாரணம். எங்கள் சந்திலேயே மூன்று வீட்டுக்கு மூன்று விதமான ஹாரன் உண்டு.

இதோடு நான் நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பாப்பாவுக்குச் சோறு ஊட்டுவது என்றால் எனக்குப் போர்தான். ஒரு வாய்க்கு ஒன்பது சாக்கு சொல்வாள். ஒருநாள் ரோட்டில் ஏதோ வண்டி ஹாரன் அடிக்க, "அப்பா வாராரு சாமி, சீக்கிரம் வாயத் தொற" என்றேன். உடனே திறந்தாள். அன்றிலிருந்து எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. எந்த லாரி ஹாரன் அடித்தாலும் அப்பா வருகிறார். ஒரு வாய் உள்ளே போகும். இன்னொரு ஹாரன், இன்னொரு வாய். தட்டு காலியானதும், "அப்பா லோடு எறக்கப் போயிட்டாரு, நாளைக்கு வருவாரு" என்று வாயைத் துடைத்துவிடுவேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

அன்று ஐந்து நாள் கழித்துத் தண்ணீர் வந்திருந்தது. குழாய் கேட்டுக்கு வெளியே இருக்கிறது, டிரம் வீட்டின் பின்பக்கம். ட்யூபை கேட்டு வழியாக இழுத்து வந்துதான் நிரப்ப வேண்டும். ட்யூப் நசுங்காமல் இருக்க கேட்டை அரையாகத் திறந்தே வைத்திருந்தேன். பாப்பாவை வாசற்படியில் உட்கார வைத்து இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் டிரம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. "ரெண்டே வாய்தான் கண்ணு, முழுங்கு, அப்பா வந்துருவாரு" என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனேன். ட்யூபை அடுத்த டிரம்முக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது ரோட்டில் ஹாரன் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீட்டம்.

அது என் வீட்டுக்காரர் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். காலையில்தான் நாக்பூரிலிருந்து போன் பேசியிருந்தார். அதனால் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாப்பாவுக்கு அது தெரியாது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

அடுத்து பிரேக் சத்தம். டயர் தேய்கிற அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு ஒரு மோதல். ட்யூபைப் போட்டுவிட்டு ஓடினேன். வாசற்படியில் தட்டு மட்டும் இருந்தது.

ரோட்டில் ஒரு லாரி இடது பக்கம் திரும்பி, முன் சக்கரம் மண்ணில் இறங்கி, வேப்பமரத்தில் இடித்து நின்றிருந்தது. பக்கக் கண்ணாடி தூள் தூளாகக் கிடந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க டிரைவர் ஒருவர் என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். பாப்பாவின் கை கால்களைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொழந்தைக்கு ஒண்ணும் ஆவலம்மா, ஒண்ணும் ஆவல" என்று என்னைப் பார்த்ததும் சொன்னார். பேச்சைக் கேட்டால் ஆத்தூருக்குக் கிழக்கே உள்ளவர் மாதிரி இருந்தது.

நான் பாப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கிய வேகத்தில் அவர் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். "கண்ணு தெரியாதாடா உனக்கு?" என்று கத்தினேன். அப்பா வயது இருக்கும் அவருக்கு. அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

என் அறை போதுமானதாக இருந்தது. எதிரே டீக்கடையிலிருந்து ஏழெட்டு ஆண்கள் ஓடி வந்தார்கள். என்ன நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பெற்றவளே அடித்துவிட்டாள், அதற்கு மேல் என்ன விசாரணை? டீக்கடைக்காரர் லாரியில் ஏறிச் சாவியை உருவினார். இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பட்டன் தெறித்தது. "பட்டப்பகல்ல குடிச்சுப்போட்டு வண்டி ஓட்டறானுங்க" என்று ஒருவர் முடிவே செய்துவிட்டார். இன்னொருவர் நான் அறைந்ததிலிருந்தே சற்றுத் தள்ளி நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டு, "நான் குடிக்கிறதில்லீங்க, கொழந்த குறுக்க ஓடியாந்துச்சுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வாயில் ஒரு குத்து விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

அப்போது பாப்பா என் தோளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் கையில் பாதி இட்லி அப்படியே இருந்தது. "அம்மா, அப்பா எங்கம்மா? அப்பா ஹாரன் அடிச்சாங்கல்ல?" என்றாள்.

அந்த நிமிடம் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கேட்டைத் திறந்து போட்டது நான். இல்லாத அப்பாவை ஒவ்வொரு ஹாரனிலும் வரவழைத்தது நான். ஹாரன் கேட்டால் ரோட்டுக்கு ஓட வேண்டும் என்று அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி ஓடிப் பழக்கியதும் நான். அந்த மனிதர் குறுக்கே வந்த ஆட்டுக்கோ பைக்குக்கோ ஹாரன் அடித்திருக்கிறார், அவ்வளவுதான். பாப்பா குறுக்கே ஓடியதும், வண்டி போனால் போகிறது என்று மரத்தில் விட்டு என் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறார்.

புரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு என்மேல் அப்படி ஒரு எரிச்சல் வருகிறது. உண்மையைச் சொன்னால் அத்தனை பேரும் என் பக்கம் திரும்புவார்கள், "புள்ளைய உட்டுப்போட்டு என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்பார்கள் என்ற பயம். பாப்பாவின் முகத்தை என் தோளில் அழுத்தி, அவள் மறுபடி பேசாதபடி பிடித்துக்கொண்டேன். ஒரு ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடமும் அவரை அடித்தார்கள்.

பிறகு ஒருவன், என் தம்பி வயது இருக்கும், அவர் பிடரியில் தட்டி, "உனக்கெல்லாம் புள்ள குட்டி இல்லையாடா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்தின வருடம் சோலாப்பூர் பக்கம் பைக்கில் வந்த ஒருவன் தானாகச் சறுக்கி என் வீட்டுக்காரரின் வண்டி ஓரத்தில் விழுந்தான். கூட்டம் சேர்ந்து இவரைக் கீழே இழுத்துப் போட்டு அடித்ததில் காது கிழிந்து தையல் போட்டுக்கொண்டு வந்தார். இதே கேள்வியைத்தான் ஹிந்தியில் கேட்டார்களாம். முகம் தெரியாத அந்தக் கூட்டத்தை மாதக்கணக்கில் நான் சபித்திருக்கிறேன். அதில் ஒருத்திக்குக்கூடவா வாய் இல்லை, ஒருத்திகூடவா உண்மையைப் பார்க்கவில்லை என்று அழுதிருக்கிறேன்.

"உடுங்க அவர! தப்பு என்மேலதானுங்க. கேட்டத் தொறந்து போட்டது நானு. அவரு பிரேக் போடலீன்னா எம்புள்ள இல்லீங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

எல்லோரும் கையை எடுத்தார்கள். டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்பறம் எதுக்குங்க மொதல்ல நீங்க அறைஞ்சீங்க?" என்று கேட்டார். சாவியை சீட்டில் வீசிவிட்டு நடந்தார். நானும் பதிலுக்கு, "நான் அறைஞ்சா நீங்க கொல்லுவீங்களா?" என்று கேட்டேன். கோபம்தான், ஆனால் அவர் கேட்டதில்தான் நியாயம் இருந்தது. ஒருவர்கூட அந்த டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படம் பிடித்தவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்தேன். லாரிப் படியில் உட்கார்ந்திருந்தவர் வாங்கி வாயைக் கொப்பளித்தார், குடிக்கவில்லை. காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். என் வீட்டுக்காரரும் டிரைவர்தான் என்று சொன்னேன். அதை ஏன் சொன்னேனோ, அதைச் சொன்னதும் அவர் முகம் இன்னும் இறுகிப்போனது.

"நீ அறைஞ்சது எனக்கு வலிக்கலம்மா. பெத்தவ பதறிப்போய் அறைவா, சரி. அவனுங்க அடிக்கிறப்ப பாத்துக்கினே நின்ன பாரு, அதான்" என்றார். அவர் பேரைக் கேட்டேன், போன் நம்பரைக் கேட்டேன். "எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினார். பாப்பா கையை ஆட்டினாள். அவர் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், என் பக்கம் பார்க்கவில்லை. வண்டியை ரிவர்ஸ் எடுத்து ரோட்டுக்கு ஏற்றிப் போய்விட்டார். ஹாரன் அடிக்கவே இல்லை.

சாயந்திரம் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். முதலில் பாப்பாவிடம் பேச வேண்டும் என்றார், பேசினார். பிறகு, "அந்த மனுசனுக்கு எப்பிடி இருக்குது?" என்று கேட்டார். அடி வாங்கியதைச் சொன்னேன். "யாரு மொதல்ல கை வெச்சது?" என்றார். என்னால் மறைக்க முடியவில்லை. போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் பேசவில்லை. வழக்கமாக அவர் பேசாமல் இருந்தால் நான் வீட்டையே தலைகீழாக்குவேன். அந்த இரண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். ஊருக்கு வந்த பிறகு ரோட்டில் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார். இப்போது போன் செய்துவிட்டு, வண்டியை நிறுத்திவிட்டு, சந்துக்குள் நடந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறார். நானும் ஊட்டும்போது பொய் சொல்வதில்லை. தின்றால் தின்னட்டும், இல்லாவிட்டால் பசித்தபோது கேட்கட்டும்.

ஆனால் அதோடு முடியவில்லை. ஒரு வாரம் கழித்து அந்த வீடியோ எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே வந்தது. 'குடிபோதை லாரி டிரைவருக்கு வீரத்தாய் கொடுத்த அறை' என்று மேலே எழுதியிருந்தது. நான் அறைந்தது, அவர் கும்பிட்டது, அடி வாங்கியது எல்லாம் இருந்தது. நான் கத்தி உண்மையைச் சொன்னது மட்டும் இல்லை, அதை வெட்டிவிட்டிருந்தார்கள். எடப்பாடியிலிருந்து என் நாத்தனார் போன் செய்து, "நல்லாக் குடுத்தீங்க போங்க அண்ணி" என்று பாராட்டினாள். நான் நடந்ததைச் சொன்னேன். "அட, விடுங்க அண்ணி, அதெல்லாம் யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள். அவளிடம் போட்ட சண்டையில் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அந்தக் குழுவில் நானே எழுதினேன், அவர் குடிக்கவில்லை, தப்பு என்னுடையது என்று. நாலு பேர் கும்பிடுகிற பொம்மை போட்டார்கள், அவ்வளவுதான். வீடியோ இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அவர் வீட்டில் அதைப் பார்த்திருப்பார்களா, அவருடைய முதலாளி பார்த்து வேலையை விட்டு நிறுத்தியிருப்பாரா என்று நினைத்தால் சோறு இறங்காது.

இப்போது என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அந்த நாள் அவளுக்கு ஞாபகம் இல்லை. போன மாதம் பள்ளியில் தண்ணீர் பாட்டிலை உடைத்தது தான்தான் என்று டீச்சரிடம் உடனே சொல்லிவிட்டாளாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, நல்ல வளர்ப்பு என்று மெச்சினார். என்ன வளர்ப்பு என்று எனக்கல்லவா தெரியும். கோபம் வந்தால் ஒரு நொடியில் கையை ஓங்கிவிடுகிற எனக்கு, குற்றமில்லாத ஒரு மனிதரைக் காப்பாற்ற வாயைத் திறப்பதற்கு மட்டும் ஐந்து நிமிடம் தேவைப்பட்டது. அந்த ஐந்து நிமிடத்துக்காக ஊரில் யார்மேலும் கோபப்பட எனக்கு வழியில்லாமல், இன்றைக்கும் என்மேலேயே கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.